தேம்ஸ் நதிக்கு எழுதி வைத்த எழுத்து

டவ்ஸ் எழுத்துக்கு ஒரே ஓர் அளவுதான் உண்டு. சாய்வெழுத்து கிடையாது, தடித்த எழுத்தும் கிடையாது. 1900-இல் லண்டனின் ஹேமர்ஸ்மித் பகுதியில் தொடங்கப்பட்ட டவ்ஸ் அச்சகம், மில்ட்டன், ஷேக்ஸ்பியர், ஐந்து பாகங்களாக பைபிள் என்று எல்லாவற்றையும் இந்த ஒற்றை எழுத்திலேயே அச்சிட்டது. படம் இல்லை, பூவேலைப்பாடு இல்லை. அச்சகத்தின் பெயரைப் பக்கத்து மதுக்கடையிலிருந்து எடுத்துக்கொண்டார்கள்.

எழுத்தின் பூர்வீகம் வெனிஸ். 1470-களில் அங்கே நிக்கோலா ஜான்சன் அச்சிட்ட புத்தகங்களின் பக்கங்களைப் புகைப்படமெடுத்துப் பெரிதாக்கி, அதிலிருந்து புதிதாக வரைந்தார்கள். வரைந்ததை எஃகுத் துண்டின் நுனியில் ஒவ்வொரு எழுத்தாகச் செதுக்கியவர் எட்வர்ட் பிரின்ஸ். செதுக்கிய எஃகைச் செம்பில் அடித்தால் பள்ளமாக அச்சு விழும். அந்தச் செம்பு அச்சில் ஈயக்கலவையை ஊற்றி எத்தனை ஆயிரம் எழுத்து வேண்டுமானாலும் வார்க்கலாம். ஆகவே எஃகும் செம்பும் எவரிடம் இருக்கின்றனவோ, எழுத்து அவருடையது.

வில்லங்கம் அங்கேதான் பிறந்தது. அச்சகத்துக்குப் பங்காளிகள் இருவர். வக்கீல் தொழிலை உதறிவிட்டு நடுவயதில் புத்தகக் கட்டுமானம் கற்றுக்கொண்ட காப்டன்-சாண்டர்சன் ஒருவர். அச்சுக்கலை நுணுக்கம் அத்தனையும் அறிந்த எமரி வாக்கர் மற்றவர். வில்லியம் மாரிஸ் தன் கெல்ம்ஸ்காட் அச்சகத்தைத் தொடங்கத் தூண்டுதலாக இருந்ததே வாக்கரின் ஒரு சொற்பொழிவுதான். கூட்டு முறிந்தபோது நண்பர் ஒருவர் நடுவில் நின்று சமரசம் செய்துவைத்தார்: காப்டன்-சாண்டர்சன் உயிரோடு இருக்கும்வரை எழுத்து அவர் வசம், அதன்பின் வாக்கருக்கு. வாக்கர் பத்து வயதுக்கு மேல் இளையவர். காத்திருந்தால் கைக்கு வந்துவிடும்.

அதைத்தான் காப்டன்-சாண்டர்சனால் தாங்க முடியவில்லை. மனிதக் கை இழுக்காத இயந்திரத்தில் தன் எழுத்து ஓடுவதைவிட அது இல்லாமல் போவதே மேல் என்று நினைத்தார். 1913 மார்ச்சில் எஃகு முளைகளையும் செம்பு அச்சுகளையும் ஹேமர்ஸ்மித் பாலத்திலிருந்து தேம்ஸில் போட்டார். எஞ்சிய ஈய எழுத்துகளின் எடை ஒரு டன்னுக்கும் மேல். 1916 ஆகஸ்ட் முதல் 1917 ஜனவரி வரை, எழுபத்தைந்து வயதைத் தாண்டிய கிழவர், போர்க்காலத்து மங்கிய தெருக்களில் இரவு இரவாகப் பொட்டலம் சுமந்து ஏறக்குறைய 170 நடை நடந்தார். போலீஸ் பயம் ஒருபக்கம். வேகத்தில் எறிந்த இரண்டு பொட்டலங்கள் தண்ணீரில் விழாமல் பாலத்தூணின் விளிம்பில் போய் உட்கார்ந்துகொண்டது இன்னொரு பக்கம். எட்டி எடுக்கவும் வழியில்லை. இதையெல்லாம் தன் நாட்குறிப்பில் ஒளிவுமறைவின்றி எழுதி வைத்திருக்கிறார். கலைவெறி என்று இதைக் கொண்டாடுகிறவர்கள் உண்டு. எனக்கென்னவோ, பாதி அடுத்தவனுக்குச் சேர வேண்டிய சொத்தை ஆற்றில் போட்டது திருட்டு என்றே படுகிறது. பக்தியோடு செய்தார் என்பதால் அது வேறாகிவிடாது. 1922-இல் அவர் இறந்ததும் வாக்கர் வழக்குப் போட, விதவை ஆன் 700 பவுண்டு கொடுத்துத் தீர்த்தார்.

எழுத்து ஆற்றுக்குப் போய்க்கொண்டிருந்த அதே 1916-இல் லண்டன் பாதாள ரயில் நிலையங்களுக்கு ஒரு புது எழுத்து வந்தது. கோடுகளின் நுனியில் குறுங்கீற்று எதுவும் இல்லாத, எட்ட நின்றும் படிக்க முடிகிற மொட்டையான எழுத்து. வரைந்தவர் எட்வர்ட் ஜான்ஸ்டன். டவ்ஸ் பைபிளின் முதல் பக்கத்தில் மேலிருந்து கீழ்வரை சிவப்பாக நிற்கிற அந்த நெட்டை ‘ஐ’யும் அவர் கைவேலைதான். நவீன வடிவமைப்பின் வரலாற்றைக் கைத்தொழிலுக்கு எதிரான கலகமாகச் சொல்வது வழக்கம். ஜான்ஸ்டனைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. இறகுப் பேனாவால் பழைய ஏடுகளைப் பயின்ற அதே கைதான் ரயில்நிலையப் பலகைக்கும் எழுத்து வரைந்தது.

ஆற்றில் போட முடியாத ஒன்று பாக்கியிருந்தது: அச்சிட்ட புத்தகங்கள். 2010 வாக்கில் ராபர்ட் கிரீன் என்ற வடிவமைப்பாளர் அவற்றைப் பார்த்து டவ்ஸைக் கணினியில் மீட்க உட்கார்ந்தார். ஈரப்படுத்திய கைக்காகிதத்தில் அழுத்தும்போது மை கொஞ்சம் பரவும். பக்கத்தில் தெரிவது எப்போதும் உலோகத்தைவிடச் சற்றுப் பருத்த எழுத்து. எவ்வளவு பருமன் மையினுடையது, எவ்வளவு எழுத்தினுடையது என்று பிரிப்பதற்குள் போதும் போதும் என்றாகியிருக்கும். மூன்றாண்டு உழைப்பில் 2013-இல் எழுத்துரு வெளியானது. ஆனாலும் உண்மை உலோகத்தைப் பார்க்காமல் அவருக்கு மனம் அடங்கவில்லை. 2014-இல் நீர் வடிந்த நேரத்தில் பாலத்தடியில் இறங்கித் தேடினார். சிறிது நேரத்திலேயே கூழாங்கற்களுக்கிடையே சில எழுத்துகள் அகப்பட்டன. பிறகு லண்டன் துறைமுகத்தின் முக்குளிப்பவர்கள் இறங்க, மொத்தம் 150 கிடைத்தன. ஆயிரக்கணக்கில் போட்டதில் இது சொற்பம்தான். ஆனால் வரைந்ததைச் சரிபார்த்துத் திருத்த அது போதுமானதாக இருந்தது.

கிடைத்ததில் பாதி, எமரி வாக்கர் வாழ்ந்த வீட்டைப் பராமரிக்கும் அறக்கட்டளையிடம் போய்ச் சேர்ந்தது.