ரேஞ்சர் ஆபீஸ்: விறகுச் சீட்டிலிருந்து புலி வரை

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் 'வனச்சரக அலுவலகம்' என்றால் கொஞ்சம் யோசிப்பாங்க. 'ரேஞ்சர் ஆபீஸ்' என்றால் உடனே கை நீளும். பழைய சர்க்கார் கட்டடம் என்றதும் நாம் ஓடு, தூண், தேக்கு உத்தரம் என்று பார்க்கிறோம். இங்கே அதைவிட அதிகமாக மறுபயன்பாட்டுக்கு வந்தது எல்லைக்கோடு.

சென்னை மாகாண வனத்துறை 1856-ல் கிளெக்ஹார்ன் தலைமையில் தொடங்கியது. அதற்குப் பல் முளைத்தது 1882-ஆம் ஆண்டு வனச் சட்டத்தில். 4-ஆம் பிரிவில் அறிவிப்பு வரும். உரிமை கோருபவர்கள் கெடுவுக்குள் செட்டில்மென்ட் அதிகாரியிடம் சொல்ல வேண்டும். பிறகு 16-ஆம் பிரிவில் காடு 'ரிசர்வ்' ஆகிவிடும். அதன்பின் மரம், விறகு, மேய்ச்சல் எல்லாவற்றுக்கும் அனுமதி வேண்டும். ரேஞ்சர் பாதி போலீஸ், பாதி வசூல் அதிகாரி.

மாவட்டம் மாறிக்கொண்டே இருந்தது. 1910 வரை ஸ்ரீவில்லிபுத்தூர் திருநெல்வேலியில், அப்புறம் ராமநாதபுரம், 1985-லிருந்து இன்றைய விருதுநகர். 1948 சட்டம் ஜமீன்களை ஒழித்தது. ஆனால் மலையடிவாரத்து ரிசர்வ் கோடு பெரும்பாலும் அப்படியே நின்றது.

1988-ல் அதே கோட்டுக்குள் சாம்பல் நிற அணிலுக்கு 485 சதுர கிலோமீட்டரில் சரணாலயம் வந்தது. எங்கள் தொழில் மொழியில் சொன்னால், பழைய கோடு, புது ரிலீஸ்! மரத்தை விற்ற இலாகா, மரத்துக்கு மரம் தாவுகிற அணிலுக்காகக் கிளை அறுபடாமல் பார்க்க வேண்டியதாயிற்று. 2021-ல் மேகமலையையும் சேர்த்து 1,016 சதுர கிலோமீட்டருக்கு மேல் புலிகள் காப்பகம். இந்தியாவின் 51-ஆவது, தமிழகத்தின் 5-ஆவது. ஸ்ரீவில்லிபுத்தூர் வன உயிரினக் காப்பாளரின் பொறுப்பும் துணை இயக்குநர் கைக்குப் போனது.

அந்தக் காலத்தில் விறகு வண்டியை நிறுத்திச் சீட்டு கேட்ட வேலை, இப்போது தாணிப்பாறையில் சதுரகிரி ஏறும் பக்தர்களை நிறுத்திப் பிளாஸ்டிக் பை இருக்கிறதா என்று பார்ப்பதாக ஆகியிருக்கிறது. இதில் எனக்குக் குறையில்லை.

எனக்கு உறுத்துவது செண்பகத்தோப்புப் பளியர்கள் விஷயம். கெடுவுக்குள் உரிமை கோரச் சொன்ன 1882 நடைமுறை, எழுத்தும் மனுவும் தெரிந்தவர்களுக்கானது. தேனும் கிழங்கும் எடுத்து வாழ்ந்தவர்கள் எந்த ஆவணத்தைக் காட்டுவார்கள்? 2006 வன உரிமைச் சட்டம் இதைத் திருப்பிப் போட முயன்றது: கிராம சபை முதலில் கேட்கும், பெரியவர்களின் வாய்மொழியும் சாட்சியாகும். பிறகு மனு கோட்டக் குழுவுக்குப் போகும். அந்தக் குழுவில் வனத்துறை அதிகாரியும் ஒருவர்.