கர்ப்பக்கிரியையும் ஒரு தாயும்

கருப்பையுள் உயிர் படும் நிலைகளை விரித்துரைப்பன நம் திருமுறைக்கண் இரண்டு உள. ஒன்று திருமந்திரத்து இரண்டாந் தந்திரத்துள்ள கர்ப்பக்கிரியை; மற்றொன்று திருவாசகத்துப் போற்றித் திருவகவல். இவற்றை ஈண்டு ஆராயப் புகுந்தமைக்குக் காரணம் ஒன்றுண்டு.

பல்லாண்டுகட்கு முன் சிவகிரியில் ஓரில்லத்துக் குழந்தை பார்வையின்றிப் பிறந்தது. முதியவர் ஒருவர், தாய்வயிற்றுக் கோளாறே அதற்குக் காரணமெனத் திருமூலர் அருளியுள்ளார் என்று பலர் நடுவே கூறி, 'பாட்டின் பொருள் இதுதானே?' என்று எம்மை வினவினார். சொற்பொருள் அதுவேயாகலின், ஆமென்றேம். அம்மையார் தலைகவிழ்ந்தார். அவ்விடை இன்றும் எம் நெஞ்சை உறுத்துகின்றது.

தாயின் உதரத்தில் மலம் மிகின் மந்தனும், நீர் மிகின் ஊமையும், இரண்டும் ஒப்பின் குருடும் பிறக்கும் என்பது அப்பாட்டின் கருத்து. ஆண் பெண் பிறப்புக்கு மூச்சோட்டத்தைக் காரணமாக்குவதும் அப்பகுதியிலேயே உண்டு. இவை அக்கால மருத்துவர் கொள்கையை எடுத்தாண்டனவேயன்றிச் சித்தாந்தத் துணிபு ஆகா என்பது எம் கருத்து. மகவு ஆணோ பெண்ணோ ஆவது தந்தையின் வித்திலுள்ள நிறப்புரியால் என்பதை நெட்டி ஸ்டீவன்ஸ் என்னும் அம்மையாரும் வில்சன் என்பாரும் 1905-இல் தனித்தனியே காட்டினர். பெண் பெற்றாளென்று மனைவியை வைதவர் வைதது பிழையிடத்தை.

குருட்டின் காரணம் ஒன்று 1941-இல் வெளிப்பட்டது. சிட்னி நகரத்துக் கண்மருத்துவர் நார்மன் கிரெக், பிறவியிலேயே கண்புரை கொண்ட 78 குழந்தைகளை ஆராய்ந்தார். அவர்தம் தாயருட் பெரும்பாலார்க்குக் கருவுற்ற தொடக்கத்தில் ரூபெல்லா என்னும் அம்மை கண்டிருந்தது. உறுப்புக்களின் அடிப்படை எட்டு வாரத்துள் அமைந்துவிடுமாகலின், அப்போது வரும் நோய் கண்ணையும் செவியையும் இதயத்தையும் தாக்கும். தாயின் நலம் கருவைப் பற்றும் என்ற அளவில் மூலர் வாக்கு பழுதன்று. வயிற்றைக் காரணமாக்கியதே பழுது.

திருவகவலோ யாரையும் பழிப்பதில்லை. திங்கள்தோறும் ஓரிடரினின்று உயிர் பிழைத்ததென்றே எண்ணிச் செல்கின்றது. முதற்றிங்களிற் கரு இரண்டாகப் பிளவுபடாது தப்பியது என உரைகாரர் பொருள் கொள்வர். ஒரு கரு இரட்டையாவதும் பெரும்பாலும் முதலிரு வாரங்களுள்ளேயாம். தான்றிக்காய் உவமையை அளவுக்குக் கொள்ளற்க; அத்திங்களிறுதியில் அது நெல்லினும் சிறிது. பத்தாந் திங்களில் அடிகள் பிள்ளையின் துயரைத் தனித்துக் கூறாது, தாயொடு சேர்த்தே கூறினார்.

கிரெக் ஆராய்ச்சியைப் பின்னர் அறிந்து, அவ்வம்மையாரைச் சென்று கண்டேம். கருவுற்ற இரண்டாந் திங்களில் மேனியிற் செந்தடிப்போடு மூன்று நாட் காய்ச்சல் கண்டதாகக் கூறினார். யாம் அறிந்ததைச் சொன்னேம். 'அன்றைக்கே சொல்லியிருக்கலாமே, ஐயா' என்றார். தமிழ்நாட்டிற் சிறார்க்குத் தட்டம்மையோடு ரூபெல்லாவுக்கும் தடுப்பூசி இயக்கமாக இடப்பெற்றது 2017-இல்.