பூவரசங்குளத்துக் கேள்வியும் சுப்பராவின் இரு கொடைகளும்

வவுனியாவிலிருந்து மன்னார் செல்லும் வீதியிலுள்ள பூவரசங்குளத்துக்குப் பல ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு மரணவீட்டுக்காகச் சென்றிருந்தேன். வயலில் மண்வெட்டி பட்டுக் காலிற் காயமடைந்த கமக்காரர் ஒருவர், காய்ச்சலைப் பொருட்படுத்தாது நான்கு நாட்களை வீட்டிலேயே கழித்திருந்தார். ஐந்தாம் நாள் நினைவு தடுமாறிய நிலையிலேயே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டார்.

"கிருமி செத்திட்டுது எண்டு சொன்னவையாம் தம்பி. பிறகேன் இவன் போனவன்?" என்று அவரது தமக்கையார் என்னைக் கேட்டார். என்னிடம் விடை இருக்கவில்லை.

பின்னர் நான் தேடிப் படித்த விடையின் தொடக்கம் 1929ஆம் ஆண்டுக்குரியது. பீமாவரத்திற் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியிற் கற்று, அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகடா சுப்பராவ், ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் சைரஸ் ஃபிஸ்க்குடன் இணைந்து தசையிலிருந்து ஏ.ரி.பி. என்ற பொருளைப் பிரித்தறிந்தார். அதே ஆண்டு ஜேர்மனியில் கார்ல் லோமனும் தனியாக அதனைக் கண்டறிந்தார். உடலின் ஒவ்வொரு கலமும் செலவிடும் சக்தி இப்பொருளிலேயே உள்ளது. அதிற் பெரும்பகுதியை ஆக்கும் அடுப்புகளே இழைமணிகள்.

1948இல், சுப்பராவ் ஆராய்ச்சிக்குத் தலைமை தாங்கிய லெடர்லே ஆய்வுகூடத்திலிருந்து, பெஞ்சமின் டகர் கண்டுபிடித்த ஓரியோமைசின் வெளிவந்தது. ரெட்ராசைக்கிளின் வகையின் முதல் மருந்து அதுவே. அவ்வாண்டு ஆகஸ்ட் மாதம் சுப்பராவ் காலமானார். கலத்தின் சக்தி, கிருமியை அடக்கும் மருந்து ஆகிய இரண்டையும் தொட்ட வாழ்வு அது. ஆயினும் குருதி நஞ்சாதலில் அவ்விரண்டும் சந்திக்கும் இடம் தெளிவாக மேலும் அரை நூற்றாண்டு சென்றது.

2002இல் இலண்டனில் மேர்வின் சிங்கரின் குழுவினர், தீவிர சிகிச்சைப் பிரிவிற் சேர்ந்த 28 நோயாளரின் தசையைச் சோதித்தனர். பின்னர் இறந்த 12 பேரின் தசையில் ஏ.ரி.பி. குறைந்திருந்தது, பிழைத்த 16 பேரிடம் அவ்வாறில்லை. கிருமியை எதிர்க்க உடலே பெருக்கும் நைத்திரிக் ஒட்சைட்டு போன்றவை இழைமணிகளையும் தாக்குகின்றன. ஒட்சிசன் இருந்தும் கலத்தால் அதனைப் பயன்படுத்த இயலாது போகிறது. கிருமி அழிந்த பின்னரும் அடுப்பு அணைந்தே கிடக்கலாம்.

அதனை மீண்டும் மூட்டும் மருந்து இன்றுவரை நிறுவப்படவில்லை. பெரிதும் நம்பப்பட்ட உயிர்ச்சத்து சி கூட, 2022இல் வெளியான கனடியத் தலைமையிலான ஆய்வில், இறப்பையோ நீடித்த உறுப்புச் செயலிழப்பையோ கூட்டியதாகவே தெரியவந்தது. எனவே அடுப்பு அணையுமுன் கிருமியை அடக்குவதே நம் கையிலுள்ள வழி. காயத்துடன் காய்ச்சல், மூச்சு வேகம், நினைவுத் தடுமாற்றம், சிறுநீர் குறைதல் கண்டால் ஒரு மணிநேரமும் தாமதிக்கலாகாது.

அந்தத் தமக்கையாருக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய விடை இதுதான்: கிருமி செத்தது உண்மை, அது சாகப் பிந்திவிட்டது.