மூட்டுவலிக்கு இசைச் சிகிச்சை

மூட்டுத் தேய்மானம், முடக்குவாதம் ஆகியவற்றால் வரும் நாட்பட்ட வலியைத் தணிக்க, மருந்தோடும் உடற்பயிற்சியோடும் சேர்த்து இசையைத் துணையாகக் கொள்ளும் முறை. தேய்ந்த குருத்தெலும்பு இசையால் வளராது. வலியை மூளை உணரும் விதம்தான் மாறுகிறது. ரொனால்ட் மெல்சாக்கும் பேட்ரிக் வாலும் 1965இல் முன்வைத்த வாயில் கோட்பாட்டின்படி, தண்டுவடம் வழியே ஏறும் வலிச் செய்தியை மூளையிலிருந்து இறங்கும் செய்திகள் தடுக்கவோ குறைக்கவோ முடியும். கவனம் பாட்டில் லயிக்கும்போது நடப்பது இதுவே என்பர்.

அமெரிக்காவில் ரூத் மெக்காஃப்ரி, எட்வர்ட் ஃப்ரீமன் இருவரும் 2003இல் வெளியிட்ட ஆய்வில், மூட்டுத் தேய்மானமுள்ள 66 முதியவர்கள் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழு தினமும் 20 நிமிடம் மொசார்ட் இசை கேட்டது. மற்றது அதே நேரம் சும்மா அமர்ந்திருந்தது. 14 நாளில் இசை கேட்டவர்களுக்கே வலி குறைந்தது. ஆய்வு சிறியது, காலமும் குறைவு.

தமிழகத்தில் வயலின் கலைஞர் குன்னக்குடி வைத்தியநாதன் ராக ஆய்வு மையம் வழியாக இசைச் சிகிச்சையில் ஈடுபட்டார். 'இன்ன நோய்க்கு இன்ன ராகம்' என்று உலவும் பட்டியல்களுக்கோ போதிய சான்றில்லை. கேட்பவருக்குப் பிடித்திருப்பதே முக்கியம். அது கீர்த்தனையாகவும் இருக்கலாம், பழைய திரைப்பாட்டாகவும் இருக்கலாம். ஆனால் மூட்டு திடீரெனச் சிவந்து வீங்கிக் காய்ச்சலும் வந்தால், இசையை நம்பியிராமல் உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.