புறக்கோட்டை ஒல்லாந்தர் மாளிகை: ஒரு வரலாற்று நோக்கு

கொழும்புப் புறக்கோட்டையில், துணிக்கடைகளும் மொத்த வியாபார நிலையங்களும் நெருங்கி நிற்கும் பிரின்ஸ் வீதியிலே, பருத்த தூண்கள் தாங்கும் முகப்பினையுடைய மாடி மாளிகையொன்று உளது. சுமை தூக்குவோரின் கூவலையும் கைவண்டிகளின் நெரிசலையும் கடந்து அதனுள் நுழைவோர், உள்முற்றத்தின் அமைதியைக் கண்டு ஒருகணம் தயங்கி நிற்பர். 1982ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் கால நூதனசாலையாகத் திறந்துவைக்கப்பட்ட கட்டடம் இதுவேயாகும்.

இன்று வணிகக் களமாக விளங்கும் புறக்கோட்டை, ஒல்லாந்தர் காலத்தில் குடியிருப்புப் பகுதியாகவே இருந்தது. 'பெட்டா' என ஆங்கிலத்தில் வழங்கும் பெயரும் 'பேட்டை' என்னும் தமிழ்ச் சொல்லின் வழிவந்ததே. 1656இற் போர்த்துக்கேயரிடமிருந்து கொழும்பைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், கோட்டைக்கு வெளியே நேரான வீதிகளை வகுத்து இல்லங்களை அமைத்தனர். 1692 முதல் 1697 வரை தேசாதிபதியாகவிருந்த தோமஸ் வான் றேயின் வாசத்தலமாக இம்மாளிகை எழுந்தது. பின்னர் ஆசிரியரையும் சமய போதகரையும் பயிற்றும் இடமாகவும், 1796இல் ஆங்கிலேயர் கொழும்பைக் கைப்பற்றியபின் படையினரின் வைத்தியசாலையாகவும், இருபதாம் நூற்றாண்டிலே தபாற்கந்தோராகவும் அது மாறிற்று. ஓயாது பயன்பட்டமையே அதனைக் காத்தது எனலாம். அயலிலிருந்த ஒல்லாந்த இல்லங்களிற் பெரும்பாலானவை கடைகளுக்கு இடங்கொடுத்து மறைந்தன. 1970களிற் சிதைவுற்று நின்ற இதனையும் இழந்துவிடாதிருக்க றோயல் ஆசியச் சங்கத்தார் முயன்றனர். நெதர்லாந்து அரசின் உதவியோடு 1977இற் புனருத்தாரணம் தொடங்கியது.

மண்டபங்களிலே கருங்காலி முதலிய மரங்களாலான தளபாடங்களும், பீங்கான் கலங்களும், நாணயங்களும், படைக்கலங்களும் வைக்கப்பட்டன. அகன்ற கட்டிலையும் சித்திர வேலைப்பாடமைந்த நாற்காலியையும் நோக்குவார்க்கு அக்கால மேன்மக்களின் வாழ்வு கண்முன் தோன்றும். ஆயின், அக்கலங்களைக் கழுவியோர் யாவர்? கிணற்றிலிருந்து நீர் சுமந்தோர் யாவர்? தளபாடங்கள் இவ்வினாக்களுக்கு விடை தரா. கம்பனியின் ஆவணங்களையே நாட வேண்டும்.

ஒல்லாந்தரின் இல்லங்கள் அடிமைகளின் உழைப்பினால் இயங்கின. தென்னிந்தியாவைப் போர் அலைக்கழித்த 1694 முதல் 1696 வரையான காலத்தில், சோழமண்டலக் கரையிலிருந்து தனியார் இலங்கைக்குக் கொணர்ந்த அடிமைகளின் தொகை 3,859 ஆகும். இவ்வாண்டுகள் வான் றேயின் ஆட்சிக்காலத்துள் அடங்குதல் கருதத்தக்கது. அவர்களுட் பெரும்பாலார் தமிழ் பேசியோராகவே இருந்திருத்தல் வேண்டும். இதுகொண்டு இம்மாளிகையை எழுப்பியோர் அவர்களே எனத் துணிதல் பொருந்தாது. அதற்குச் சான்று வேண்டும். எனினும் மாளிகை எழுந்த காலமும் அம்மக்கள் கரையிறங்கிய காலமும் ஒன்றே என்பதை மறத்தற்கில்லை. ஈழத்தில் ஒல்லாந்தர் ஆட்சி பற்றி எழுதும் நம்மவர், தேசவழமைத் தொகுப்பையும் அச்சியந்திரத்தையும் விரித்துரைக்குமளவிற்கு இதனை எடுத்துரைப்பதில்லை. அடிமை முறை இந்நாட்டில் முற்றாக ஒழிக்கப்பட்டது 1844இலேதான்.

கொழும்பிலிருந்த அடிமைகள் பேரை வாவியை அடுத்த நிலப்பரப்பிலே தங்கவைக்கப்பட்டனர். ஆங்கிலேயர் அதற்கிட்ட 'சிலேவ் ஐலண்ட்' என்னும் பெயர் அச்செய்தியைப் பேணிற்று. தமிழ் வழக்கிலோ அவ்விடம் கொம்பனித்தெரு. அடிமைகளை விட்டுக் கம்பனியையே அப்பெயர் நினைவிற் கொண்டது. பிரின்ஸ் வீதியிலிருந்து அங்கு நடந்தே செல்லலாம். மாளிகையைக் காணச் செல்லும் மாணவர், அன்று மாலையே வாவிக்கரையையும் பார்த்து வருதல் நன்று.