ஓலைக் குறிகளும் விசைப்பலகையும்

மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையும் படுவான்கரையும் ஏட்டு மரபு வேரூன்றிய நிலம். வைகாசிச் சடங்கில் படிக்கப்படும் கண்ணகி வழக்குரை ஏடுகளில் வாழ்ந்து, வி. சீ. கந்தையாவின் பதிப்பாக 1968இல் அச்சேறியது. பழைய தமிழ் ஏடுகளிலும் கணக்கோலைகளிலும் ஆண்டுக்கு ௵, மாதத்துக்கு ௴, நாளுக்கு ௳ எனக் குறிகள் உண்டு. இவை 2003இல் ஒருங்குறியில் இடம்பெற்றன. 2019 மார்ச்சில் வெளியான 12ஆம் பதிப்பு முந்திரி முதலான பின்னங்கள், குறுணி, பதக்கு என்னும் முகத்தலளவைகள், நன்செய், புன்செய் உட்பட 51 குறிகளைச் சேர்த்தது. ஆகவே இன்றைய குறை குறியீட்டில் இல்லை. எழுத்துருவிலும் விசைப்பலகையிலுமே இருக்கிறது.

வழக்கொழிந்த குறிகளுக்கு இவ்வளவு பாடு எதற்கு, ஏட்டைப் படம் பிடித்தால் போதாதா என்று கேட்கலாம். படம் ஏட்டைக் காக்கும். ஆனால் அதற்குள் ஓர் ஆண்டுக் குறியைத் தேட முடியாது. குறியை ‘வருடம்’ என விரித்து எழுதினாலோ ஏட்டில் இருந்தது எது, பதிப்பாசிரியர் சேர்த்தது எது என்பது மறைந்துவிடும். உருவம் மட்டும் போதாது என்பதற்கு இலங்கையில் பரவலாக வழங்கிய பாமினி எழுத்துருவே சான்று. அதில் ‘தமிழ்’ என்று தெரிவது கணினிக்குள் ஜே, கே, பி, ஓ என்னும் ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமே. எழுத்துருவை மாற்றினால் தமிழ் போய்விடும். ஏடுகளை மின்னாக்குவோர் படத்தோடு நிற்காமல், ஒருங்குறியில் குறி மாறாத பாடத்தையும் சேர்த்து வைக்க வேண்டும்.