குறைந்த மின்சாரத்தில் நிறைந்த கணக்கு

பெரியகுளத்தை அடுத்த ஜெயமங்கலத்தில் தோட்டத்துக் கிணறு வைத்திருக்கும் ஒரு விவசாயியைக் கேட்டுப் பாருங்கள். தண்ணீர் மட்டம் கீழே போகப் போக மோட்டாருக்கு வேலை கூடுகிறது என்பார். இறைக்கும் நீரின் அளவு, ஏற்றும் உயரம் ஆகிய இரண்டும் சேர்ந்துதான் செலவைத் தீர்மானிக்கின்றன. வாசகர்களே, இந்தத் தோட்டக் கணக்குக்கும் உங்கள் கைப்பேசிக்கும் நெருங்கிய உறவு உண்டு. அந்த உறவை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்ற ஒருவரின் கதையையும், அந்த வழியில் நீங்களும் செல்ல இயலும் என்பதையும் இங்கே காண்போம்.

அறையை அடைத்த கணிப்பொறிகள்

அமெரிக்காவில் 1946-இல் உலகுக்கு அறிமுகமான 'எனியாக்' கணிப்பொறியில் ஏறத்தாழ 18,000 வெற்றிடக் குழாய்கள் இருந்தன. அது சுமார் 150 கிலோவாட் மின்சாரத்தை விழுங்கியது. அதைக் கொண்டு இருநூறு குதிரைத்திறன் அளவுக்கு மோட்டார்களை ஓட்டலாம்! இவ்வளவையும் உண்டு அது செய்த வேலை, நொடிக்கு சுமார் 5,000 கூட்டல்கள்.

நம் நாடும் இத்துறையில் சும்மா இருக்கவில்லை. மும்பையிலுள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில், சென்னையில் பிறந்த ஆர். நரசிம்மன் தலைமையில் இளைஞர்கள் சிலர் தாங்களே ஒரு கணிப்பொறியை உருவாக்கினர். 1960-இல் இயங்கத் தொடங்கிய அதற்கு 1962-இல் 'டிஃப்ராக்' என்று பெயர் சூட்டப்பட்டது. அதில் இருந்தவை 2,700 வெற்றிடக் குழாய்கள்.

வெற்றிடக் குழாயின் இடத்தை டிரான்சிஸ்டர் பிடித்தது. பின்னர், ஒரே சிலிக்கன் சில்லில் ஆயிரக்கணக்கான டிரான்சிஸ்டர்கள் இடம்பெற்றன. எனினும் ஒரு கேள்வி மட்டும் நெடுநாள் ஓரத்தில் கிடந்தது. ஒரு கணக்கைச் செய்ய உண்மையில் எவ்வளவு மின்சாரம் தேவை?

தொட்டியும் வர்க்கமும்

சில்லுக்குள் இருக்கும் ஒவ்வொரு சிறு சுற்றையும் ஒரு தொட்டியாக எண்ணிக்கொள்ளுங்கள். தொட்டி நிரம்பினால் 1, காலியானால் 0. கணிப்பொறி கணக்கிடுவது என்றால், கோடிக்கணக்கான தொட்டிகள் நொடிதோறும் பலமுறை நிரம்பி வடிவது என்று பொருள். இங்கே நீர் என்பது மின்னூட்டம். உயரம் என்பது மின்னழுத்தம்.

இப்போது தொட்டியைப் பாதி உயரம் மட்டும் நிரப்பினால் என்ன ஆகும்? நீரின் அளவு பாதியாகும். ஏற்றும் உயரமும் பாதியாகும். ஆகவே செலவு பாதியன்று, நான்கில் ஒரு பங்கு! மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கேற்ப ஆற்றல் செலவாகிறது என்று பாடநூல் கூறுவதன் பொருள் இதுவே.

அப்படியானால் மின்னழுத்தத்தைக் குறைத்துவிட்டால் போதுமே என்பீர்கள். அங்குதான் சிக்கல். மின்னழுத்தம் குறைந்தால் டிரான்சிஸ்டர்கள் மந்தமாகிவிடும். கணக்கு முடியத் தாமதமாகும்.

சென்னையில் பிறந்த மாணவர்

இந்தச் சிக்கலை எடுத்துக்கொண்டவர் அனந்த சந்திரகாசன். சென்னையில் பிறந்து, பள்ளிப் பருவத்திலேயே அமெரிக்கா சென்றவர். கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் பேராசிரியர் ராபர்ட் பிராடர்சனிடம் ஆய்வு மாணவராகச் சேர்ந்தார். கையில் எடுத்துச் செல்லும் கம்பியில்லாக் கருவி ஒன்றை அங்கு உருவாக்கி வந்தனர். மின்கலத்தில் இயங்கும் கருவிக்கு மின்சாரம் பொன் போன்றது அல்லவா?

1992-இல் அவரும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட கட்டுரையின் கருத்து மிக எளியது. நடவுக்கு ஓர் ஆள் ஓடி ஓடி வேலை செய்வதற்குப் பதில், இருவர் நிதானமாகச் செய்தால் வேலை அதே நேரத்தில் முடியும். அதுபோல ஒரே சுற்றுக்குப் பதில் இரண்டு சுற்றுகளை வைத்து, ஒவ்வொன்றையும் பாதி வேகத்தில் இயக்கினர். வேகம் பாதி போதும் என்பதால் மின்னழுத்தத்தை 5 வோல்ட்டிலிருந்து 2.9 வோல்ட்டுக்கு இறக்க முடிந்தது. விளைவு, அதே வேலைக்கு முன்பு செலவான மின்திறனில் 36 விழுக்காடே போதுமானதாயிற்று. வேலையைப் படிப்படியாகப் பகுத்துக் கைமாற்றும் முறையையும் இதனுடன் சேர்த்தபோது, செலவு ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கியது. சில்லின் பரப்பு கூடியது உண்மையே. ஆனால் மின்சாரம் மிஞ்சியது.

1994-இல் முனைவர் பட்டம் பெற்று, மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் ஆசிரியரானார். 2008-இல் வெறும் 0.3 வோல்ட்டில் இயங்கும் சில்லு ஒன்றை அவரது குழு செய்து காட்டியது. 2025-இல் அந்நிறுவனத்தின் கல்வித் தலைமைப் பொறுப்பை ஏற்றார்.

இன்று ஏன் இது அவசரம்?

டிரான்சிஸ்டரைச் சிறிதாக்கினால் மின்னழுத்தத்தையும் குறைக்கலாம், சில்லு சூடாகாது என்று ராபர்ட் டென்னார்டும் தோழர்களும் 1974-இல் காட்டியிருந்தனர். 2005-ஐ ஒட்டி அந்த வழி அடைபட்டது. டிரான்சிஸ்டர் மிகச் சிறிதானதும், மூடிய மடையிலும் நீர் கசிவதுபோல மின்சாரம் கசியலாயிற்று. அதனால் மின்னழுத்தத்தை மேலும் இறக்க இயலவில்லை. வேகத்தைக் கூட்டினால் சில்லு கொதித்தது. அதன் பிறகே ஒரு சில்லில் பல கருக்களை வைக்கும் முறை பரவியது. இரு ஆள் நடவுக் கணக்குதான் அதிலும் இருக்கிறது.

பன்னாட்டு எரிசக்தி முகமையின் கணக்குப்படி, 2024-இல் உலகின் தரவு மையங்கள் சுமார் 41,500 கோடி யூனிட் மின்சாரத்தைச் செலவிட்டன. இது உலக மின் நுகர்வில் ஏறத்தாழ ஒன்றரை விழுக்காடு. இந்த மின்சாரம் கணக்குக்கு மட்டும் போவதில்லை. வெளி நினைவகத்திலிருந்து ஓர் எண்ணைக் கொண்டுவர, அதைக் கூட்டுவதைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் ஆற்றல் தேவைப்படலாம். வயல் அருகில் இருக்க, தண்ணீரைத் தொலைவிலிருந்து வண்டியில் கொண்டுவருவது போன்றது இது. நினைவகத்தின் அருகிலேயே கணக்கிடுவது எப்படி, பிழை பொறுக்கும் வேலைகளுக்குத் துல்லியத்தைக் குறைத்து ஆற்றலை மிச்சப்படுத்துவது எப்படி, ஒரே வேலைக்கெனத் தனிச் சுற்று அமைப்பது எப்படி ஆகியவை இன்றைய ஆய்வுக் கேள்விகள்.

உங்களுக்கும் இடமுண்டு

இதற்கெல்லாம் கடல் கடக்க வேண்டியதில்லை. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியர் வி. காமகோடி குழு 2014-இல் 'சக்தி' செயலித் திட்டத்தைத் தொடங்கியது. யாரும் உரிமத் தொகையின்றிப் பயன்படுத்தக்கூடிய 'ரிஸ்க்-ஃபைவ்' கட்டளைத் தொகுதியே அதன் அடித்தளம். 2018-இல் அக்குழு வடிவமைத்த சில்லுகளுள் ஒன்று சண்டிகரிலேயே உருவாக்கப்பட்டது.

கணிதம், இயற்பியல் இரண்டிலும் அடித்தளம் உறுதியாக இருக்கட்டும். கணிப்பொறியியலிலோ மின்னணுவியலிலோ பொறியியல் பட்டம் பெற்று, 'கேட்' தேர்வில் நல்ல மதிப்பெண் எடுத்தால், முனைவர் பட்ட ஆய்வுக்கு விண்ணப்பிக்கலாம். தகுதி மிக்கவர்களை முதுகலைப் பட்டமின்றியே சேர்த்துக்கொள்ளும் நிறுவனங்களும் உண்டு.

'இன்னும் ஐந்தாறு வருடம் படிப்பா? வீட்டை யார் பார்ப்பது?' என்று பெற்றோர் கேட்பது இயல்பே. ஆய்வு மாணவர் செலவு வைப்பவர் மட்டும் அல்லர். மத்திய அரசின் இளநிலை ஆய்வு உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. இதை வீட்டாரிடம் எடுத்துச் சொல்லுங்கள்.

தமிழில் படித்ததால் தயங்கவும் வேண்டாம். ஆங்கிலக் கலைச்சொற்களைப் பழகிக்கொள்ளச் சில மாதங்கள் போதும். ஏற்றும் உயரத்தைப் பாதியாக்கினால் செலவு கால் பங்காகும் என்பது இப்போது உங்களுக்குப் புரிந்துவிட்டதல்லவா? பெர்க்லியில் ஓர் ஆய்வு தொடங்கியதும் அந்தக் கணக்கிலிருந்துதான்.